பீடோங்குல எந்த வீட்ட காப்பாத்துறது?

பிப்ரவரி 20, வந்த கேள்வி

"பினாங்குல மலாய் சினிமா நடிகர் பி. ரம்லீ பொறந்த வீட்ட எவ்ளோ அழகா வச்சிருக்காங்க. இங்கிலீஷ்ல எழுதி வெளிநாடு வரைக்கும் பேரு வாங்கின நம்ம கே.எஸ். மணியம் கெடா மாநிலத்து பீடோங்குல வளந்தவரு, 2020 பிப்ரவரி 19-ல எறந்தாரு, நேத்துதான் நினைவு நாளு. அவரு வளந்த வீட்டையும் நினைவு இல்லமா ஆக்கணும்னு ஏன் யாருமே பேச மாட்றாங்க?"

பிப்ரவரி 20, ராத்திரி 11.40

மொத ஆளா நானே சொல்லிடுறேன், வேணாம். வீட்ட வச்சி என்னா பண்ணப் போறோம்? அவரு புத்தகத்த படிச்சவங்க கைய தூக்குங்கன்னா இங்க பாதி பேரு போன பாக்குற மாதிரி குனிஞ்சிக்குவோம், நானும்தான். அவரோட நாவல் 'தி ரிட்டர்ன்' 1981-ல வந்தது. நான் படிச்சது ஃபார்ம் சிக்ஸ் முடிச்சி வேல தேடிக்கிட்டு இருந்தப்போ, அதுவும் பாதியில வச்சிட்டேன். வீட்டுக்கு கொட்டுற காசுக்கு பள்ளிக்கூட லைப்ரரிக்கு புத்தகம் வாங்கி குடுங்கலா. தோட்டத் தொழிலாளிங்க வரிசையா இருந்த லயத்து வீட்ட போயி யாரு பாக்கப் போறா.

பிப்ரவரி 21, காலையில

ராத்திரி எழுதினது கொஞ்சம் காரமா போச்சு. ஆனா சும்மா வாய்க்கு வந்தத சொல்லல, எனக்கு பொழப்பே பழைய கட்டடம்தான். சுண்ணாம்புப் பூச்சு வேல. பினாங்கு ஜார்ஜ்டவுன் 2008 ஜூலையில யுனெஸ்கோ பட்டியல்ல ஏறினதுலேருந்து இந்த வேல தெரிஞ்சவனுக்கு ஓய்வே இல்ல. பழைய கடைவீட்டு செங்கல்லு மெதுவானது, தரையிலேருந்து ஈரத்த உறிஞ்சிக்கிட்டே இருக்கும். சுண்ணாம்பு பூசியிருந்தா அந்த ஈரம் வெளிய போயிடும். நம்ம ஆளுங்க என்னா பண்ணாங்க, எழுபதுல எம்பதுல சிமெண்ட வாங்கி மேல அப்பி வச்சாங்க, பாக்க நல்லா மொழுமொழுன்னு இருந்துச்சு, ஈரம் உள்ளயே மாட்டிக்கிச்சு, அப்புறம் உப்பு பூத்து பெயிண்ட் எல்லாம் அப்பளம் மாதிரி உரியுது, அத சொரண்டி எடுக்குறப்போ செங்கல்லே பாதி கையோட வந்துடும். எங்க மேஸ்திரி "சுவரு மூச்சு விடணும்டா"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு, மொத ஒரு வருஷம் எனக்கு அது என்னான்னே புரியல.

இத எதுக்கு சொல்றேன்னா, தெறப்பு விழாவுக்கு ஒரு நாளு போதும். கரையானுக்கு 365 நாளும் வேல நாளு. வீட்ட எடுத்து வச்சிட்டா அப்புறம் வருஷா வருஷம் எவன் பாக்குறது?

ரம்லீ வீடு இருக்குதுல்ல, நான் அம்மாவ கூட்டிக்கிட்டு போயிருக்கேன். 1926-ல கட்டின பலகை வீடு, அவரு பொறந்தது 1929 மார்ச் 22, ரோட்டுக்கே இப்போ அவரு பேருதான். ஆர்கிப் நெகாரா, அதான் தேசிய ஆவணக் காப்பகம், எடுத்து பராமரிக்குது. பலகை வீட்ட வச்சிருக்குறது கல்லு வீட்ட விட கஷ்டம், தரையோட ஒட்டின கட்டைய மாத்திக்கிட்டே இருக்கணும். நான் மேல கீழ பாத்துக்கிட்டு கட்டைய தட்டிக்கிட்டு இருந்தேன், எங்கம்மா நேரா சமையக்கட்டு பக்கம் போயிட்டாங்க. ரொம்ப நேரம் பாத்துட்டு "இவ்ளோ சுத்தமா இருந்தா இங்க எவளும் சமைக்கலன்னு அர்த்தம்"னு சொல்லிட்டு வெளிய வந்துட்டாங்க. நினைவு இல்லத்த பத்தி நான் கேட்ட மொத விமர்சனமும் அதுதான், நல்ல விமர்சனமும் அதுதான்.

வச்சா அப்படியே வைக்கணும். பம்பாயில கிப்ளிங் பொறந்த வீடு ஜே.ஜே. ஆர்ட் ஸ்கூல் வளாகத்துக்குள்ள இன்னும் நிக்குது, பச்ச கலரு பலகை வீடு, மரத்துக்கு நடுவுல. அது ஒரு நல்ல உதாரணம்.

பிப்ரவரி 21, மத்தியானம்

மரம்னதும் ஞாபகம் வந்துச்சு. வேலைக்கு சேந்த புதுசுல பாஸ் மலாய்ல 'செங்கால்' வேணும் ஆர்டர் பண்ணுன்னாரு. நான் 'செங்கல்'னு நெனச்சி ஐநூறு கல்லுக்கு போன் போட்டுட்டேன். அவரு கேட்டது தூணுக்கு போடுற செங்கால் கட்டை. லாரி வந்து எறக்கினப்போ அவரு மூஞ்ச நீங்க பாத்திருக்கணும். அந்த கல்லு இன்னும் எங்க ஸ்டோர் பின்னாடி கெடக்குது.

பிப்ரவரி 23

தம்பி ஒருத்தரு பாரதிய இழுத்துட்டு வந்துட்டாரு, எட்டயபுரத்துல இருக்கு, புதுச்சேரியில இருக்கு, திருவல்லிக்கேணியில இருக்கு, 2022 டிசம்பர்ல காசியில அத்த வீட்டுலயும் ஒரு நினைவு அறை தெறந்துட்டாங்க, ஒரு கவிஞருக்கு நாலு எடம், மணியத்துக்கு ஒண்ணு கூடாதான்னு கேக்குறாரு.

கேள்வி நியாயம்தான். ஆனா ஒண்ண கவனிச்சீங்களா, அந்த நாலுல அவரு சொந்த வீடு எது? எட்டயபுரத்துல பொறந்தது அம்மா வழி தாத்தா வீடு. காசியில அத்த வீடு. புதுச்சேரியிலயும் திருவல்லிக்கேணியிலயும் வாடகை. புதுச்சேரி வீட்டுக்காரருக்கு பாரதி வச்ச பேரு 'விளக்கெண்ணெய் செட்டியார்'. வாடகை கேக்கத்தான் வருவாராம், ஆனா வாயத் தெறந்து கேக்காம போயிடுவாராம், பாரதியோட பழகின வ.ரா. எழுதி வச்சிருக்காரு. இந்தக் காலத்துல அப்படி ஒரு வீட்டுக்காரர் எங்க கெடைக்கிறாரு? என்னக் கேட்டா நினைவு இல்லத்துல செட்டியாருக்கும் ஒரு படம் மாட்டணும், மாலையோட.

இன்னொரு பக்கமும் சொல்லணும். சொந்தமா வாங்கின வீடு என்னா ஆச்சு? உ.வே.சா. திருவல்லிக்கேணியில 'தியாகராச விலாசம்'னு தனக்கு காலேஜ் வேல வாங்கிக் குடுத்த தியாகராச செட்டியார் பேர வச்சி வாழ்ந்த வீடு. ஓலைச்சுவடிய எல்லாம் தூசி தட்டி புத்தகமா போட்டவரோட வீடு. 2012-ல இடிச்சிட்டாங்க. ஊரு ஊரா போயி அடுத்தவன் வீட்டு பரண்லேருந்து சுவடிய காப்பாத்தினவரு, அவரு வீட்ட காப்பாத்த ஆளு இல்ல. இத படிச்சப்போ மட்டும் எனக்கு, வேணாம்னு சொன்ன எனக்கே, கொஞ்சம் வயித்த பெசஞ்சிச்சு.

பிப்ரவரி 24

கிப்ளிங் வீட்ட பத்தி நான் எழுதினது தப்பு. ஒரு அக்கா திருத்தி அனுப்பியிருக்காங்க, நானும் தேடிப் பாத்தேன். இப்போ நிக்கிற பச்ச வீடு பிற்பாடு கட்டினது. கிப்ளிங் 1865-ல பொறந்த வீடு அந்த எடத்துல இருந்துச்சு, அந்தக் கட்டடமே இல்ல. பலகையில பேரு இருக்கு, வீடு வேற. நான் 'அப்படியே வைக்கணும்'னு சொல்லிட்டு அதுக்கே இத போயி உதாரணம் காட்டியிருக்கேன் பாருங்க. செங்கல் கேஸ் மாதிரியேதான்.

இத தேடப் போயி இன்னும் ரெண்டு கெடச்சிச்சு. ஜார்ஜ் ஆர்வெல் 1903-ல பொறந்தது பீகார்ல மோதிஹாரியில, அப்பாவுக்கு அபினி இலாகாவுல வேல. அம்மா மறு வருஷமே கொழந்தைய தூக்கிக்கிட்டு இங்கிலாந்து போயிட்டாங்க. அந்த வீட்டையும் பாதுகாத்து வச்சிருக்காங்க. ஒரு வயசுல கெளம்பின கொழந்தைக்கு அந்த வீட்ட பத்தி என்னா ஞாபகம் இருந்திருக்கும்? தவழ்ந்த தரையா?

அடுத்தது ஷேக்ஸ்பியர். 1847-ல அவரு பொறந்த வீடு ஏலத்துக்கு வந்துச்சு, அப்போ அதுல ஒரு பக்கம் கசாப்புக் கடையா இருந்திருக்கு, ஒரு பக்கம் மதுக்கடையா இருந்திருக்கு. அமெரிக்காவுலேருந்து ஒரு சர்க்கஸ்காரரு வாங்கி கப்பல்ல ஏத்திக்கிட்டு போயிடுவாருன்னு பேச்சு கெளம்பி, ஜனங்க பயந்து போயி காசு வசூல் பண்ணி 3000 பவுண்டுக்கு வாங்கியிருக்காங்க. அப்புறம் பக்கத்துல ஒட்டியிருந்த வீடுங்கள தீ பிடிச்சிடும்னு இடிச்சிட்டு, பழைய படம் ஒண்ண பாத்து வெளி முகத்த மறுபடி கட்டினாங்களாம். அந்தப் பக்கத்து வீடுகள்ல யாரு பொறந்தாங்கன்னு யாருக்குத் தெரியும்.

மார்ச் 1

புத்தகத்த மறுபடி எடுத்தேன். எங்க வீட்டுல இருந்தது காணோம், மச்சான்கிட்ட கடன் வாங்கினேன், ரெண்டு ராத்திரியில முடிச்சேன். இந்த தடவ பாதியில வைக்கல.

மொதல்ல ஒரு திருத்தம். 20-ஆம் தேதி 'லயத்து வீடு'ன்னு எழுதிட்டேன். கதையில வர்ற பையன் ரவியோட அப்பா ஆஸ்பத்திரி டோபி, துணி வெளுக்குறவரு. ஆஸ்பத்திரி வளாகத்துலதான் அவங்க குடும்பம். மணியத்தோட அப்பாவும் டோபி வேல பாத்தவரு, கூடவே பால் மரமும், அதான் ரப்பர் மரம், வெட்டினவரு. நாவல்ல வர்றதெல்லாம் அப்படியே அவரு வாழ்க்கன்னு எடுத்துக்க முடியாது, ஆனா எங்கேருந்து எடுத்தாருன்னு தெரியுது. தமிழன்னா தோட்டம், தோட்டம்னா லயம்னு கை தானா எழுதிடுச்சு.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். புத்தகம் முழுக்க என்னா நடக்குது தெரியுமா? வீடு. பாட்டி பெரியத்தாயி தமிழ்நாட்டுலேருந்து வந்து ஒரு வீட்ட கட்டிக்கிட்டு உக்காருறாங்க, நிலம் அவங்க பேருல இல்ல. அவங்க பையன் நைனா, ரவியோட அப்பா, டோபி வேல பாத்து பாத்து, இந்த மண்ணுல எனக்குன்னு ஒரு எடம் வேணும்னு கடைசி காலத்துல கிறுக்கு பிடிச்ச மாதிரி ஆத்தோரமா வீடு கட்டுறாரு. அதுவும் அவரு நிலம் இல்ல. காலி பண்ணுன்னு கடிதாசு வருது. அவரு வீட்டுக்கு தீய வச்சி தானும் அதோட போயிடுறாரு.

இத படிச்சிட்டு அப்படியே உக்காந்திருந்தேன். நம்ம கேள்வி என்னா, மணியம் வளந்த வீட்ட காப்பாத்தணும். எந்த வீட்ட? அவரு எழுதினதே வீடு கெடைக்காம போன கதைய.

அவருக்கு கதவ தெறந்து விட்டது சொந்த வீடு இல்ல, பள்ளிக்கூடம். தமிழ்ப்பள்ளியில கொஞ்ச நாளு, அப்புறம் சுங்கை பட்டாணியில இங்கிலீஷ் பள்ளி, அங்கேருந்து இங்கிலாந்துல பிரின்ஸ்ஃபர்ட் லாட்ஜ்ல வாத்தியாரு பயிற்சி, பிற்பாடு மலாயா யுனிவர்சிட்டியில பாடம் சொல்லிக் குடுத்தாரு. ரவியும் அப்படித்தான் தப்பிக்கிறான். தப்பிக்கிறான்னு எழுதலாமான்னு தெரியல. படிச்சவங்க சொல்லுங்க.

மார்ச் 2

"அப்போ எரிஞ்ச வீட்டுக்கு ஒரு போர்டு வச்சிடலாம்"னு ஒருத்தரு. போர்டு வைக்கவும் நிலம் யாரு பேருல இருக்குன்னு பாக்கணும் பாஸ்.

மார்ச் 8

சுங்கை பட்டாணியில ஒரு கோட்டேஷன் வேல இருந்துச்சு, சீக்கிரம் முடிஞ்சிடுச்சு, சரி இவ்ளோ தூரம் வந்துட்டோம்னு பழைய ரோட்டுலயே மேல போயி பீடோங்குல வண்டிய நிறுத்தினேன். திட்டமெல்லாம் ஒண்ணும் இல்ல. ஒரு கடையில உக்காந்து தே தாரிக்கும் தோசையும் சொல்லிட்டு பக்கத்துல இருந்த பெரியவருகிட்ட மணியம்னு ஒரு எழுத்தாளர், இந்த ஊருதான்னு ஆரம்பிச்சேன்.

"எந்த மணியம்? லாரி மணியமா, டேங்கி மணியமா, பொண்டாட்டி ஓடிப்போன மணியமா?"

எழுத்தாளர்னு சொன்னதுக்கு கிராணி வேல, அதான் தோட்டத்துல கணக்கு எழுதுற வேல, பாத்த ஒரு மணியத்த சொன்னாரு. நான் கேட்டது மொத்தம் மூணு பேரு, மூணு பேருக்கும் தெரியல. மூணு பேர வச்சி ஊர எட போடக்கூடாது, என் தெருவுலயே என்னைய எவனுக்கும் தெரியாது.

ஆனா டோபின்னதும் ஒரு ஆயா பிடிச்சிக்கிட்டாங்க. அவங்க வளந்தது வேற தோட்டம், அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரி டோபிய அவங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பெரிய தகர டிரம்ல வெள்ள போர்வைய சோப்பு போட்டு அவிச்சி, கட்டையால கிண்டி, நீலம் போட்டு, கஞ்சி போட்டு காய வைப்பாராம். ஆஸ்பத்திரி துணிங்கறதால அந்தப் பக்கம் போகக்கூடாதுன்னு வீட்டுல அடிப்பாங்களாம், இவங்க எல்லாம் போயி காயப்போட்ட போர்வைக்கு நடுவுல ஓடி வெளையாடுவாங்களாம். "மழ வந்தா மொதல்ல டோபிதான் கத்துவாரு, அத வச்சி நாங்க எங்க வீட்டுத் துணிய எடுப்போம்"னாங்க. இதுக்கு எந்த வீட்டுல பலகை அடிப்பீங்க?

திரும்பி வர்ற வழியெல்லாம் செம்பனை. எங்கப்பா காலத்துல இதெல்லாம் கித்தா காடு, ரப்பர்.

மார்ச் 9

சட்டம் என்னா சொல்லுதுன்னு ரெண்டு பேரு கேட்டிருக்கீங்க. நான் வக்கீல் இல்ல, வேலையில அடிபட்டு தெரிஞ்சிக்கிட்டதுதான். 2005-ல தேசிய பாரம்பரியச் சட்டம் வந்துச்சு, சட்டம் 645. அதுல பாரம்பரிய ஆணையர் ஒரு எடத்த பாரம்பரியத் தளம்னு அறிவிக்கலாம். வயசு மட்டும் இல்ல, அங்க வாழ்ந்த ஆளு முக்கியம், நடந்த சம்பவம் முக்கியம்னாலும் எடுத்துக்கலாம். ஆனா நிலம் மாநிலத்து விஷயம், எடம் ஒரு மாநிலத்துக்குள்ள இருந்தா அந்த மாநில அரசாங்கம் சம்மதிக்கணும். கோலாலம்பூர்ல யாராவது ஆசப்பட்டா மட்டும் பத்தாது, கெடா சரின்னு சொல்லணும். நிலம் தனியார் கையில இருந்தா அவங்களுக்கும் நோட்டீஸ், ஆட்சேபம், இழுத்துக்கிட்டே போகும்.

பீடோங் எங்க இருக்குன்னு யோசிச்சிப் பாருங்க. பக்கத்துலதான் பூஜாங் பள்ளத்தாக்கு, நம்ம கடாரம். 2013 கடைசியில அங்க 11-ஆம் நம்பர் சண்டிய, ஆயிரம் வருஷத்துக்கு மேல பழைய கோயில் அடித்தளத்த, வீடமைப்புக்கு எடத்த சுத்தம் பண்றேன்னு தள்ளிட்டாங்க. தனியார் நிலம், கெசட் ஆகாத எடம், அதாவது அரசிதழ்ல பாரம்பரிய எடம்னு அறிவிக்காதது. நாடே கொந்தளிச்சிச்சு. ராஜேந்திர சோழன் பேர சொல்லி மேடையில முழங்குறதுக்கு நாம ரெடி, அந்த எடம் கெசட்ல ஏறியிருக்கான்னு பாத்தவன் எத்தன பேரு? நானும் பாக்கல. ஆயிரம் வருஷத்து கோயிலுக்கே அந்த கதி, டோபி குவார்ட்டர்ஸ் எம்மாத்திரம்.

மார்ச் 9, கொஞ்ச நேரம் கழிச்சி

இத எழுதிட்டு கோவத்துல சாப்பிடாம படுத்துட்டேன். வீட்டம்மா வந்து "பீடோங் வீட்ட அப்புறம் பாக்கலாம், நம்ம வீட்டு பாத்ரூம் ஒழுகுறத மொதல்ல பாருங்க"ன்னாங்க. ரெண்டு மாசமா ஒழுகுது. கொத்தனாரு வீடு ஒழுகும்னு சும்மாவா சொன்னாங்க.

மார்ச் 15

கிப்ளிங் திருத்தம் அனுப்பின அந்த அக்கா கேட்டது இது: "நீங்க ஏன் இவ்ளோ கோவமா ஆரம்பிச்சீங்க, வீடு வேணாம்னு?" ஒரு வாரமா மண்டையில ஓடிக்கிட்டு இருந்துச்சு. சொல்றேன்.

நான் வளந்தது ஜார்ஜ்டவுன்ல, லிட்டில் இந்தியாவுக்கு பக்கத்து தெருவுல ஒரு கடைவீட்டு மாடி. கீழ மாவு மில்லு, மொளகா அரைக்கிற அன்னைக்கு மாடியில ஒம்போது பேரும் தும்மிக்கிட்டே இருப்போம், தூங்குற கொழந்த கூட தும்மும். மூணு குடும்பம், பலகை தடுப்பு, ஒரே சமையக்கட்டு, நடுவுல மேல கூரை இல்லாத முற்றம், மழ பேஞ்சா அங்கதான் குளியல். வாடக மாசம் 85 வெள்ளி, ரிங்கிட்ட நாங்க அப்படித்தான் சொல்லுவோம். எப்படி அவ்ளோ கம்மின்னா வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1966-ல வந்தது, 1948-க்கு முந்தி கட்டின வீடுகளுக்கு வீட்டுக்காரன் இஷ்டத்துக்கு வாடகைய ஏத்த முடியாது. ஜார்ஜ்டவுன்ல பழைய வீடெல்லாம் இடியாம நின்னதுக்கு இதுவும் ஒரு காரணம். இடிச்சி கட்டவும் முடியாது, ஆள வெளியேத்தவும் முடியாது, ரிப்பேர் பண்ணவும் வீட்டுக்காரனுக்கு மனசு வராது. ஒழுகிக்கிட்டே நின்னுச்சு, ஆனா நின்னுச்சு.

அந்தச் சட்டத்த எடுத்துட்டாங்க, 2000 ஜனவரியிலேருந்து கட்டுப்பாடு கெடையாது. எங்களுக்கு வந்த கடிதாசுல 85 வெள்ளி 1100 வெள்ளி ஆகியிருந்துச்சு. அப்பா அத ரெண்டு தடவ படிச்சாரு, பூஜ்யம் ஒண்ணு கூட போட்டுட்டாங்கன்னு நெனச்சாரு. நாங்க ஆயர் ஈத்தாம் பக்கம் ஃபிளாட்டுக்கு போயிட்டோம். எங்க தெருவுல பாதி பேரு அந்த வருஷமே போயிட்டாங்க.

அதுக்கப்புறம் அந்த மாடிக்கு யாரு குடி வந்தாங்க தெரியுமா? பறவ. நெசமாத்தான். காலியா கெடந்த கடைவீடெல்லாம் சாப்பிடுற பறவைக்கூடு எடுக்குற பண்ணையா மாறிச்சு, ஜன்னல கல்லு வச்சி அடச்சிட்டு, ஸ்பீக்கர்ல பறவ சத்தம் போட்டு, உள்ள ஈரமா இருக்கணும்னு தண்ணிய தெளிச்சிக்கிட்டே இருப்பாங்க. நான் சுவரு வேல பாக்குறவன், எனக்கு அந்த ஈரம் என்னா பண்ணும்னு தெரியும். யுனெஸ்கோ வந்தப்புறம் பாரம்பரிய பகுதிக்குள்ள பறவ வளக்கக் கூடாதுன்னுட்டாங்க. பறவைக்கும் எங்கள மாதிரியே நோட்டீஸ்தான், ஆனா அதுங்க வாடக கட்டவே இல்ல.

இப்போ அது ஒரு கஃபே. போன வருஷம் ஒரு நாளு துணிஞ்சி உள்ள போயி கோப்பி சொன்னேன், 14 வெள்ளி. முற்றத்துல தொட்டி கட்டி மீன் விட்டிருக்காங்க. மாடியில சுவத்துப் பூச்ச உரிச்சி செங்கல்ல காட்டி வச்சிருக்காங்க, அதுதான் இப்போ ஃபேஷன். அந்தக் காலத்துல செங்கல்லு வெளிய தெரிஞ்சா வீட்டுக்காரன்கிட்ட பூச காசில்லன்னு அர்த்தம். எங்கம்மா வெளக்கு வச்சி வச்சி கரி படிஞ்ச எடம் அந்தச் சுவருலதான் இருந்துச்சு. பூச்சோட அதுவும் குப்பைக்கு போயிடுச்சு. உரிச்சவன் என் தொழில் பண்றவன்தான். நானே எத்தன வீட்டுல உரிச்சிருக்கேன், யாரு வீட்டு கரியோ.

வாசல் கிட்ட வீட்டு வரலாறுன்னு ஒரு பலகை மாட்டியிருக்கு. கட்டின வியாபாரி பேரு, ஓடு எங்கேருந்து வந்துச்சு, மாடிப்படி கட்டை என்னா மரம், எல்லாம் இருக்கு. அப்புறம் நேரா 'புதுப்பிக்கப்பட்டது'. நடுவுல மூணு குடும்பமும் இல்ல, மாவு மில்லும் இல்ல. பறவைக்கு மட்டும் ஒரு வரி இருந்துச்சு.

நினைவு இல்லம்னு கேட்டாலே எனக்கு அந்த பலகைதான் ஞாபகம் வருது. அதான்.

மார்ச் 16

நேத்து எழுதினத காலையில படிச்சா ரொம்ப புலம்பின மாதிரி இருக்கு. ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டு நல்லாத்தான் இருந்துச்சு, எங்கக்காவுக்கு மொத தடவையா தாழ்ப்பாள் போட்ட குளியலறை கெடச்சிச்சு. அந்த மாடிக்கு திரும்பி போறியான்னு கேட்டா எங்கம்மா வெளக்குமாத்த எடுப்பாங்க.

இன்னொண்ணு. 20-ஆம் தேதி நான் சொன்ன 'புத்தகம் போதும்' இருக்குல்ல, அது இப்போ எனக்கே பத்தல. புத்தகத்த முடிச்ச ஒரு வாரத்துல நான் ஏன் பீடோங்குல வண்டிய நிறுத்தினேன்? படிச்சவனுக்கு போயி பாக்கணும்னு தோணும்போல. பாக்க ஒண்ணும் இல்லன்னாலும்.

ஒரு அண்ணே எழுதியிருந்தாரு, சம்பந்தன் 1960-ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சி தொழிலாளிங்ககிட்ட காசு சேத்து தோட்டம் வாங்கினாருல்ல, நம்ம கெடாவுல புக்கிட் சீடிம்தான் மொத தோட்டம்னு. துண்டாடல் காலம் அது. துரைமாரு தோட்டத்த துண்டு துண்டா வித்துட்டு போனப்போ லயத்துல இருந்தவங்க ரோட்டுக்கு வந்தாங்க. வீடு கம்பெனியோடது, வேல இருக்குற வரைக்கும்தான் வீடு. மணியத்தோட டோபி குவார்ட்டர்ஸும் அதே கணக்குதான். நம்ம தமிழ் எழுத்தாளருங்க எத்தன பேரு லயத்துல பொறந்தவங்க. அவங்க பொறந்த வீட்டுக்கு பட்டா கெடையாது, பல எடத்துல கதவு நம்பரத் தவிர விலாசமும் கெடையாது. ஷேக்ஸ்பியர் வீட்டுக்கு ஏலம் போட முடிஞ்சிச்சின்னா அது யாரோ ஒருத்தருக்கு சொந்தமா இருந்துச்சு. நம்மது ஏலத்துக்கே வராது, நேரா புல்டோசர்தான்.

கேள்வி கேட்டவர பாத்து மொத நாளே எரிஞ்சி விழுந்தேன். அவரு கேட்டது தப்பில்ல, ரம்லீ அளவுகோல வச்சி கேட்டாரு, அவ்ளோதான். அவரு ஒருவேள ஆஸ்பத்திரி பக்கம் ஒரு கல்லு நட்டா கூட போதும்னுதான் நெனச்சாரோ என்னவோ. கல்லு நடலாம். சிமெண்ட் வேணாம், சுண்ணாம்பு நான் தர்றேன்.

மார்ச் 29

இந்தப் பேச்ச வீட்டுல சொல்லிக்கிட்டு இருந்தேன். அப்பாவுக்கு இப்போ 79. அவரு பொறந்தது செபராங் பிறை பக்கம் ஒரு தோட்டத்து லயம், இப்போ அந்த எடத்துல தாமான், புது வீட்டுக் குடியிருப்பு, லயம் இருந்த மேட்ட வெட்டி ரோடு போட்டுட்டாங்க. "உங்க லயம் எப்படி இருந்துச்சி, வரஞ்சி காட்டுங்க"ன்னேன். கரண்டு பில்லு பின்னாடி வரைய ஆரம்பிச்சாரு. பன்னெண்டு கதவு ஒரு வரிசை. எதுத்தாப்புல இன்னொரு வரிசை. காலையில பேரு கூப்பிடுற பெரட்டு களம். கொழந்தைங்கள பாத்துக்குற ஆயாக்கொட்டகை. மாரியம்மன் கோயிலு. வேல வாங்குற மண்டோர் வீடு கொஞ்சம் தள்ளி, கிராணி வீடு இன்னும் தள்ளி, துரை பங்களாவுக்கு பில்லுல எடமில்ல, "அது மேல மேசையில இருக்குன்னு வச்சிக்கோ"ன்னாரு. ஒவ்வொரு கதவுக்கும் யாரு இருந்தாங்கன்னு பேரு எழுதினாரு. ஏழாம் நம்பர்ல நின்னுட்டாரு, பேரு வரல, அந்த வீட்டு நாயோட பேரு மட்டும் வந்துச்சு, அதையே எழுதிட்டாரு.

வாட்ஸ்அப்ல படத்த எடுத்து சுங்கை பட்டாணியில இருக்குற அத்தைக்கு அனுப்பினேன். அஞ்சு நிமிஷத்துல அத்த போன்.

"தண்ணி கொழா அந்தப் பக்கம் இல்லண்ணே, கோயில் பக்கம்."

"நீ அப்போ கைக்கொழந்த, உனக்கு என்னா தெரியும்?"

"குடத்த தூக்கினது நானு, நீ எப்போ தண்ணி தூக்கின?"

அரை மணி நேரம் ஓடிச்சு. அப்பா போன வச்சிட்டு ரொம்ப நேரம் பில்ல பாத்துக்கிட்டு இருந்தாரு, அப்புறம் பேனாவ எடுத்து கோயில் பக்கம் ஒரு கொழாய் போட்டாரு. பழசையும் அடிக்கல. இப்போ எங்க லயத்துல ரெண்டு கொழாய் இருக்கு.

ஏழாம் நம்பர் யாருன்னு அத்த விசாரிச்சி சொல்றேன்னிருக்காங்க. கரண்டு பில்லு இன்னும் கட்டல.